தலைமாட்டுப் புள்ளி

அறுபது வருடங்களுக்கு முன்பு ஒரு சிறு பெண்ணின் கபுறை நான் இடம் மாற்றினேன். அதற்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. விரலை நீட்டியது போதுமாக இருந்தது. அவள் இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, "இஞ்சதான்" என்று அவளுடைய வாப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

அந்த மணலில் என்னோடு பந்தடித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் நாலைந்து பேர்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போது என்னைக் கண்டால் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் "கணக்கு சேர்" என்று இன்னமும் சிரிக்கிறீர்கள். அந்தப் பெயர் எந்த நாளில் ஒட்டியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அப்போது இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்கு மதில் கிடையாது. பள்ளிவாசல் கிணற்றைத் தாண்டினால் ஒரு பூவரசு, அதற்குப் பிறகு கபுறுகள், கபுறுகளைத் தாண்டினால் நாம் விளையாடிய வெறும் மணல், அதற்கப்பால் கடல். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று ஆடுகளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கருவாடு காயும் வாடை ஒரு பக்கம், கிணற்றடியில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்த தண்ணீர் தேங்கிய பாசி வாடை மறு பக்கம். கபுறுகளில் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை, கால்மாட்டில் ஒரு மீசான் கட்டை. தன் வீட்டு மையத்துக்கு, அதாவது இறந்தவருக்கு, நட்ட கட்டையை அந்தந்த வீட்டு ஆண்கள் அறிவார்கள். அவ்வளவுதான் அடையாளம்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தத் தவணையில்தான் பள்ளிக்கூடத்தில் ஆள்கூறு படிப்பித்தார்கள். ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கிணற்றைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டேன். கடல் பக்கமாக எத்தனை அடி, பிறகு வடக்கே எத்தனை அடி. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட தும்புக் கயிற்றோடு பின்னேரம் முழுவதும் அலைந்தேன். பூவரசு, நமது விக்கெட், வேலிக் கம்பம், கடைசியில் கபுறுகள். கட்டம் போட்ட கொப்பியில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாக இறங்கியது.

வாப்பா ஒரு நாள் கிணற்றடியில் நின்று கத்தினார்.

"கபுறடியில என்னத்தடா அளக்கிறாய்? மவுத்தானவங்க வளந்திருக்காங்களா எண்டு பாக்கிறியா?"

ஒளுச் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்றுதான் நான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். எந்தக் கபுறை எடுத்தாலும், கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்குப் போக, கடல் பக்கம் ஓரடி வைத்தால் வடக்கே இரண்டடி வைக்க வேண்டும். பெரிய கபுறானால் மூன்றும் ஆறும். சிறியதானால் இரண்டும் நாலும். விகிதம் மாறவே இல்லை. எல்லா மையத்தும் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக் கிடப்பதால் எல்லாக் கபுறும் ஒரே சாய்வு. சாய்வைச் சொல்லும் படித்திறன் சமமானால் கோடுகள் சமாந்தரம் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை எங்கள் ஊர் மௌத்தானவர்கள் மணலில் எழுதி வைத்திருந்தார்கள். கொப்பியைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் ஓடி வந்து காட்டினேன். "போடா விசரா, பந்தப் போடு" என்றீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவு, வீடும் முற்றமுமாக, ஓடாவி மாமாவுடையது. மரவேலை செய்பவரை ஓடாவி என்போம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பேரப் பிள்ளைகள் வாசித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கு ஒரே மகள். ஆறு வயது. நாம் அடிக்கும் பந்து அவர்கள் வளவுக்குள் விழுந்தால் அவள்தான் அதற்கு அதிகாரி. பந்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பாள்.

"தோடம்பழ இனிப்பு தந்தாத்தான் பந்து."

"நாளைக்குத் தாறன் புள்ள."

"நேத்தும் நாளைக்கெண்டுதான் சொன்னீங்க காக்கா. உங்கட நாளை எப்ப வாற?"

அந்த மாரி தொடங்கிய கிழமை அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலாம் நாள் மௌத்தாகிவிட்டாள். ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உளிச் சத்தம் கேட்டது. யாரோ "இந்த நேரத்துல என்ன வேலை?" என்று முணுமுணுத்தார்கள். வெளியே வந்தபோது அவர் கையில் இரண்டு சிறிய மீசான் கட்டைகள் இருந்தன. இறக்காமத்துப் பக்கமிருந்து வந்த முதிரை மரம். கட்டில் செய்ய வைத்திருந்தது. மஞ்சளாக, எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. மேல் விளிம்பை விரல் நகம்போல வளைத்திருந்தார்.

மூன்று நாளுக்குப் பிறகு நான் போய் அவளையும் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டேன். அதில் பிழை ஒன்றும் இருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்த தெருப் பையன்களோடு நாம் வைத்த ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? பாதியில் நமது விக்கெட் தடிகளில் ஒன்று முறிந்தது. அவர்கள் ஏளனம் பண்ணினார்கள்: "விக்கெட்டுக்கே வழியில்ல, இவங்களுக்கு மெச் ஒரு கேடா!" தடி கொண்டு வருகிறேன் என்று நான் ஓடினேன். அது ஓடாவி மாமாவின் பட்டறைத் துண்டு என்று நினைத்தீர்கள். அது அவருடைய மகளின் தலைமாட்டுக் கட்டை. ஆட்டம் முடிந்ததும் நட்டுவிடலாம் என்றுதான் பிடுங்கினேன். மூன்றாம் பந்தில் அது நெடுகப் பிளந்து, நடுவில் முறிந்தது.

நாம் வென்றோம். நீங்கள் கத்திக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். நான் பின்தங்கினேன். முறிந்த கீழ்ப்பாதியை அதே குழியில் அடித்து இறக்கி மணலால் மூடினேன். மேற்பாதியைக் கடலில் எறிந்தேன். பிறகு யோசித்தேன்: ஒன்று மட்டும் இல்லாமல் போனால் பிடுங்கியது தெரியும், இரண்டும் இல்லாமல் போனால் தெரியாது. கால்மாட்டுக் கட்டையையும் பிடுங்கி எறிந்தேன். என் கணக்கு மூளை எனக்குச் செய்த முதல் உதவி அது.

அடுத்த நாள் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. வயல் பக்கத்து வெள்ளம் வந்து சேர, கடற்கரைப் பக்கத்துக் கபுறுகள் எல்லாம் தட்டையாகிவிட்டன. பல கட்டைகள் மிதந்து போயின. மழையைப் பார்த்து நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வெள்ளம் வற்றியதும் ஓடாவி மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தாடி வளர்ந்திருந்தது. வாப்பாவிடம் கதைக்கவில்லை, என்னைப் பார்த்துக் குந்தியிருந்து கேட்டார்:

"மனே, உன்ட கொப்பியில என்ட புள்ள இரிக்காளாமே?"

வாப்பாதான் பதில் சொன்னார்.

"இரிக்காம? இவன் ஒவ்வொரு கபுறையும் அடிக்கணக்கில எழுதி வெச்சிரிக்கான். நாங்கெல்லாம் பைத்தியம் எண்டு சிரிச்சம். இப்ப பாருங்க, அல்லாஹ் எதுக்கு வெச்சிரிக்கான் எண்டு. என்ட மகன்ட கணக்குப் பிழைக்காது!"

வாப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. என்னை ஒருபோதும் புகழாத மனிதர். அவருடைய முகத்தைப் பார்த்தபோது உண்மையைச் சொல்லும் வாசல் மூடிக்கொண்டது. கொப்பியை எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். புதுக் கட்டை நடத் தோண்டினால் முறிந்த பாதி வெளியே வரும், அதில் பந்து பட்ட தழும்பு இருக்கும். இது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. அவளுடைய வரியைக் கடைசி எண்ணிலிருந்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். மை கலங்கி, தாள் நைந்து ஓட்டையானது. "உம்மா" என்று கூப்பிட வாய் திறந்து மூடினேன். உம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

மையவாடியில் மாமா தன் நூலோடு நின்றார். நான் கிணற்றிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்து, பூவரசுக்குப் பக்கத்தில், ஈர மணலில், யாரும் இல்லாத ஓர் இடைவெளியில் நின்றேன்.

"இஞ்சதான் மாமா."

"வடிவாப் பாத்துச் சொல்லு மனே. எனக்கு இன்னும் கொஞ்சம் கடல் பக்கம்போல ஞாபகம்."

"இல்ல மாமா. கணக்குல இஞ்சதான் வருது."

அவர் தலையசைத்தார். நூலைப் பிடித்தார். "ஓடாவிட நூல் பிழைச்சாலும் கணக்குப் பிழைக்காதுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புதுக் கட்டைகளை நட்டார். பிறகு முழங்காலில் இருந்து மணலைத் தடவிக் கொடுத்தார். குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல.

பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அதனால் அன்று மாலை மாமாவின் மனைவி, மாமி, வேலியோரம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மனே, தலைமாட்டுல நிழல் விழுகுதா?"

"ஓம் மாமி. பூவரசு இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ். அவளுக்கு வெயில் ஒத்துக்காது."

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா எனக்கு ஒரு கொம்பாஸ் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். தகரப் பெட்டி, நீல மூடி, உள்ளே பாகைமானி, கவராயம், சிறிய பென்சில். நம்மில் யாரிடமும் அப்படி ஒன்று இருக்கவில்லை. நீங்கள் சுற்றி நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். அன்றுதான் "கணக்கு சேர்" என்று முதன்முதலாகக் கூப்பிட்டீர்கள். அந்தப் பெட்டியோடுதான் நான் படித்தேன், ஆசிரியரானேன். முப்பத்தேழு வருடம் பிள்ளைகளுக்குச் சமாந்தரக் கோடுகள் படிப்பித்தேன். ஒரு கோட்டின் படித்திறனை எடுத்து மற்றக் கோட்டில் தெரியாத ஆள்கூறைக் கண்டுபிடிக்கும் கணக்கு வரும்போதெல்லாம் வேறு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வேன். என் கையால் செய்ததில்லை.

ஓட்டை விழுந்த அந்தத் தாளை மட்டும் கிழித்து என் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன். ஏன் எரிக்கவில்லை என்று தெரியாது. சுனாமியில் கடல் வந்த வருடம் நான் சாகாமத்துப் பாடசாலையில் இருந்தேன். சான்றிதழ்க் கோப்பும் என்னோடு அங்கே இருந்தது. கொம்பாஸ் பெட்டி வீட்டோடு போய்விட்டது.

இரண்டாவது பாவம் அதற்குப் பிறகு. அதற்குச் சிறுவன் என்ற சாக்கும் கிடையாது. கடல் வந்த பிறகு மையவாடிக்கு மதில் கட்டினார்கள். மதிலுக்கு வெளியே, கரையோரமாக ஒரு ரோடு போட வேண்டும் என்றார்கள். பள்ளி நிர்வாகத்தில் அப்போது மூத்தவர் ஓடாவி மாமா. எந்த இடத்தில் மதில் போவது என்று மேசன் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"இந்தப் பக்கம் மணல்தான், ஆரும் இல்ல" என்றார் மாமா. "என்ட புள்ள உள்ளுக்குத்தான் இரிக்கிறா. சனம் ஓடித் தப்புறதுக்கு வழி வேணும். தாராளமா விடுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொங்கிரீட் போட்டார்கள். சுபஹுத் தொழுகைக்கு அந்த ரோட்டால்தான் நான் போய்வந்தேன். மாமி சில வருடங்களில் மௌத்தானார். கடைசிவரை பூவரசு நிற்கிறதா என்றுதான் என்னிடம் கேட்பார்.

போன வருடம் மாமா ஆளனுப்பினார். பார்வை மங்கிவிட்டது, காதும் புத்தியும் தெளிவு. பட்டறையில் ஒரு பழைய மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

"மனே, எனக்கு நாள் கிட்டிட்டு. என்ட புள்ளைக்குப் பக்கத்துல எனக்கு ஒரு இடம் அளந்து வெச்சிடு. நீதானே அவளக் கண்டுபிடிச்சுத் தந்தது."

என் வாய் தானாகத் திறந்தது. பந்து, கட்டை, கடல், எச்சில், எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை, அழுதால் அவர் என்னைத் தேற்றுவாரோ என்று பயந்தேன். சொல்லி முடிந்ததும் அவர் ஒரு பலகைத் துண்டையும் தச்சுப் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

"செய்."

வீட்டுக்குப் போய்ச் சான்றிதழ்களோடு இருந்த தாளை எடுத்து வந்து விரித்தேன். அவளுடைய கால்மாடு அழியாமல் இருந்தது: கடல் பக்கம் 57, வடக்கே 39. தலைமாட்டுக்குக் கடல் பக்கம் 59. வடக்கே எத்தனை என்பது இருந்த இடத்தில் ஓட்டை. ஆனால் கிணற்றுக்கு அப்பால் சீமெந்து பூசிய ஒரு பெரியவரின் கபுறு இன்னமும் அப்படியே நிற்கிறது. அதன் கால்மாடு 30, 22. தலைமாடு 33, 28. கடல் பக்கம் மூன்று, வடக்கே ஆறு, ஒன்றுக்கு இரண்டு. அவளும் அதே சாய்வில்தான் கிடக்கிறாள். 57இலிருந்து 59க்கு இரண்டு. ஆகவே வடக்கே நாலு. முப்பத்தொன்பதும் நாலும் நாற்பத்து மூன்று.

எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் செய்யும் கணக்கு.

"மதில் எத்தினையில போகுது?" என்று கேட்டார்.

"அம்பத்தஞ்சுல."

பென்சிலை என் கையிலிருந்து எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, காதில் செருகிக்கொண்டார். பழைய பழக்கம்.

"அப்ப ரோட்டக் குடுத்தது நான்."

"நான்தான் மாமா. நீங்க இல்ல."

"இத்தின வருஷமா வெறும் மணலுக்கா மனே நான் ஸலாம் சொன்னன்?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ எனக்குச் செஞ்சத நான் பொறுப்பன். பொறுத்துட்டன் எண்டு வெச்சுக்க. அவளுக்குச் சேர வேண்டிய ஹக்க நான் எப்படி மனே பொறுக்கிறது? அது என்ட கையில இல்லயே."

பள்ளி நிர்வாகத்திடம் போனேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். ரோட்டை ஒரு பத்தடி வளைத்து விடுங்கள் என்று கெஞ்சினேன். இப்போதைய தலைவர் என்னிடம் படித்தவர். தாளை நெடுநேரம் பார்த்தார்.

"கணக்கு சரி சேர். நீங்க படிப்பிச்சதுதான். ஆனா ஓட்ட விழுந்த தாள நம்பி ரோட்ட உடைக்க ஏலுமா? அதுக்குக் கீழ தண்ணிப் பைப்பும் போகுது. ஊர்ல ஒரு குழப்பம் வந்தா ஆரு பொறுப்பு?"

மூன்று முறை போனேன். மூன்றாம் முறை எனக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மாமா ஒன்றுதான் கேட்டார். பூவரசடியில் வேண்டாம், மதிலோரமாக, மகளின் தலைக்கு நேரே தன் தலை இருக்க வேண்டும். அளந்தேன். தலைமாடு 52, 43. ஆறடி மனிதருக்கு மூன்றும் ஆறும். ஆகவே கால்மாடு 49, 37. இந்த மாரிக்கு முன்பு அவர் மௌத்தானார். குழி வெட்டும்போது நானே நூல் பிடித்தேன். பிழைக்கவில்லை. அவர் உள்ளே, அவள் வெளியே, நடுவில் மதில். சாய்வு ஒன்று.

சாவதற்கு முன் அவர் கண் தெரியாமல், கைத் தடவலில், இரண்டு சிறிய மீசான் கட்டைகள் செய்து எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். முதிரை. மேல் விளிம்பு நகம்போல வளைந்தது. "நட இடம் கிடைச்சா நடட்டும்" என்று சொன்னாராம். அவை என் அறையின் மூலையில் சாய்ந்து நிற்கின்றன. கொங்கிரீட்டில் எதை நட முடியும்?

நான் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. வெள்ளைப் பெயின்ற் வாங்கி, அளந்து, ரோட்டில் இரண்டு புள்ளி வைத்தேன். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. மோட்டர் சைக்கிளும் ஆட்டோவும் ஓடி ஓடி மாதத்துக்குள் அழிந்துவிடும். மறுபடி வைப்பேன். சனம் விசாரித்தால் சிரித்துவிட்டுப் போவேன்.

போன கிழமை பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகு பெயின்ற் டின்னோடு போனேன். பையன்கள் ரோட்டை மறித்துப் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பலகையை விக்கெட்டாக நிறுத்தியிருந்தார்கள், சரியாகத் தலைமாட்டுப் புள்ளியில். இடம் அளந்து கொடுத்ததுபோல இருந்தது அவர்களுக்கு.

"அந்தப் புள்ளியில வெக்காதீங்க மனே" என்றேன்.

"சரி சேர்" என்றான் ஒருவன், மரியாதையாக. பலகையைத் தூக்கி நாலரை அடி தள்ளி, மற்றப் புள்ளியில் வைத்தான். பந்து வீசுபவன் கையை உயர்த்தினான்.

நான் பிட்சுக்குள் போய், இரண்டு புள்ளிக்கும் இடையில், ரோட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் நொந்தது. கொங்கிரீட் சுட்டது, நிழல் இல்லை.

"என்ன சேர், மயக்கமா?" என்று ஓடி வந்தார்கள்.

"இல்ல. இருங்க, ஒண்டு சொல்லணும்" என்றேன். "இஞ்ச ஒரு புள்ள இரிக்கா. உங்கட பந்து அவள்ட வளவுக்குள்ள விழுந்திட்டு."